அடுப்பில் போகும் லாபம்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1568இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்துக்குப் போகும் வழியெங்கும் பழம்பொருள் கடைகள். கடைவாசல்களில் உருளிகளும் வார்ப்புகளும் கிடக்கின்றன. வெண்கலத்தில் வார்த்தவை, அகன்ற வாய், ஆழம் குறைவு, இரண்டு பக்கமும் தூக்குவதற்கு வளையம். கல்யாண வீட்டிலும் கோயில் மடைப்பள்ளியிலும் பாயசம் காய்ச்சிய பாத்திரங்கள். இன்று ஹோட்டல் வரவேற்பறைகளில் தண்ணீர் ஊற்றி மூன்று தாமரைப் பூவை மிதக்கவிடுவதற்காக விலைபோகின்றன. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பாத்திரத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய வாய், ஏன் இவ்வளவு குறைந்த ஆழம் என்று யோசிப்பார்கள்?

பதில் எளிமையானது. பாலோ, சாறோ, வெல்லப்பாகோ, அதிலிருக்கும் தண்ணீரைச் சீக்கிரம் விரட்ட வேண்டும். தண்ணீர் போக வேண்டுமானால் நெருப்பைத் தொடும் அடிப்பரப்பு பெரிதாக இருக்க வேண்டும், மேலே ஆவி தடையின்றிப் போக வேண்டும். குடத்தில் காய்ச்சினால் மாலை வரை கொதிக்கும். உருளியில் காய்ச்சினால் மதியத்துக்குள் சுண்டிவிடும்.

இதே பாடத்தை உலகத்தின் மறுகோடியில், பனி உறைந்த காடுகளில் வேறு மக்கள் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் மேப்பிள் என்ற மரம் இருக்கிறது. இரவில் பனி உறைந்து பகலில் உருகும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வாரங்களில், மரத்தில் சிறு துளை போட்டால் சாறு சொட்டும். பார்வைக்குத் தண்ணீர், ருசியிலும் ஏறக்குறையத் தண்ணீர்தான். அதில் இருக்கும் சர்க்கரை சுமார் 2 சதவீதம். அதைக் காய்ச்சிக் காய்ச்சி 66 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மேப்பிள் பாகு. உலகில் விற்பனையாகும் மேப்பிள் பாகில் சுமார் 70 சதவீதம் கியூபெக்கிலிருந்து வருகிறது.

அங்கே பூர்வகுடிகள் இந்தச் சாற்றை வெள்ளையர் வருமுன்பே அறிந்திருந்தார்கள். வெள்ளையர் இரும்புக் கொப்பரைகளைக் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொப்பரை ஒழிந்து தட்டைத் தகட்டுப் பாத்திரம் வந்தது. செங்கல் அடுப்பின் மேல் நீளமான, ஆழமற்ற தகடு. அதற்குள் தடுப்புகள். ஒரு முனையில் பச்சைச் சாறு நுழையும், தடுப்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும், மறுமுனையில் பாகாக வெளியே வரும். இன்று பெரிய பண்ணைகளில் சவ்வு வடிகட்டிகள் சாற்றிலிருந்து பாதிக்கு மேல் தண்ணீரை முதலிலேயே பிழிந்துவிடுகின்றன. ஆனால் கொல்லையில் பத்து, இருபது மரம் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்கள் இன்றும் பழைய எண்ணெய் டிரம்மை அறுத்தும், அலுவலகங்கள் கழித்துப்போட்ட இரும்புக் கோப்பு அலமாரியைப் படுக்கவைத்தும், சிமென்ட் பிளாக்குகளை அடுக்கியும் தாங்களே விறகடுப்பு கட்டிக்கொள்கின்றன. அதன் மேல் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு. அங்கே இது ஒரு வசந்தகாலப் பொழுதுபோக்கு.

இங்கே அது பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் பனங்காடுகளில் ஆண் மரமேறிப் பதநீர் இறக்குவார், பெண் விடிலியில் உட்கார்ந்து காய்ச்சுவார். பாகுப் பதத்தில் நிறுத்தினால் கூப்பனி, இன்னும் முற்றவிட்டுச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இலங்கையில் கித்துள் பனையின் சாற்றைக் காய்ச்சிப் பாணியாக்கி எருமைத் தயிரின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். எல்லாம் ஒரே குடும்பத்துப் பண்டங்கள்தான்.

மேப்பிள்காரர்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. 86ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது கிடைக்கும். மேப்பிள் சாறு 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். பதநீரில் சர்க்கரை சுமார் 12 சதவீதம். கணக்குப் போட்டால் 7 லிட்டர்தான். தென்னம்பாளையின் இனிப்புச் சாற்றில் சுமார் 15 சதவீதம் என்பதால் 6 லிட்டருக்கும் குறைவு. அதாவது வெர்மான்ட் விவசாயி விரட்ட வேண்டிய தண்ணீரில் ஆறில் ஒரு பங்குகூட நம்முடைய பனையேறி வீட்டுப் பெண் விரட்ட வேண்டியதில்லை. இயற்கை இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஆனாலும் மேப்பிள் பாகு உலகச் சந்தையில் உட்கார்ந்திருக்கிறது. கருப்பட்டியோ கலப்படக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஏன்?

காரணங்கள் பல. மரமேற ஆளில்லை, ஏறினால் மரியாதையில்லை, விழுந்தால் கேட்பாரில்லை. ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று அடுப்பில் இருக்கிறது. கரும்பு தன் விறகைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. பனஞ்சாறு வெறுங்கையோடு வருகிறது.

கேரளத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. இடுக்கி மாவட்டத்து மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ் பேசும் விவசாயிகள் நிறைந்த பகுதி அது. அங்கே கரும்பைப் பிழிந்த சக்கையைக் காயவைத்து, அதையே எரித்து, அந்தக் கரும்பின் சாற்றைக் காய்ச்சி, கையால் உருட்டி உருண்டை பிடிக்கிறார்கள். விறகுச் செலவு மிகவும் குறைவு. பெரிய சர்க்கரை ஆலை இன்னும் ஒரு படி மேலே. நார்பர்ட் ரில்லியூ என்ற அமெரிக்கக் கறுப்பினப் பொறியாளர் 1840களில் காப்புரிமை பெற்ற ஒரு முறையில், முதல் பாத்திரத்தின் ஆவியே இரண்டாவது பாத்திரத்தைக் காய்ச்சும், இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. ஒரே நெருப்பு மூன்று, நான்கு தடவை வேலை செய்கிறது. கரும்பாலைகள் இன்றும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. விடிலியில் ஒரு தடவை எழும் ஆவி கூரை வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது.

பனைக்கும் காய்ந்த மட்டை, ஓலை உண்டுதான். ஆனால் அது போதுவதில்லை. முள்ளும் சுள்ளியும் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் விலைக்கு வாங்க வேண்டும். எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க சுமார் 2.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல். ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் ஒரு கிலோ விறகு 6 லிட்டர் தண்ணீரை விரட்டிவிடும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 60 லிட்டர் பதநீர் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். ஏழெட்டு கிலோ கருப்பட்டி கிடைக்கும், 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் போக வேண்டும். ஏட்டுக்கணக்கில் 9 கிலோ விறகு போதும்.

அடுப்பு ஏட்டுக்கணக்கைக் கேட்பதில்லை. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி காற்றுக்கும், பக்கச் சுவருக்கும், காய்ச்சுகிறவளின் முகத்துக்கும். அப்படியானால் 9 கிலோ அல்ல, 90 கிலோ. அதே அடுப்பை ஒழுங்காகக் கட்டி நாலில் ஒரு பங்கு வெப்பத்தைப் பாத்திரத்துக்குத் திருப்பினால் 36 கிலோ. நாளொன்றுக்கு மிச்சம் 54 கிலோ. 100 நாள் பருவத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல்.

கலப்படத்தின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. பதநீரைக் காய்ச்சுகிறவர் தண்ணீரை விரட்ட விறகு எரிக்கிறார். கலப்படக்காரர் மலிவான வெள்ளைச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, நிறத்துக்கு ஏதோ சேர்த்துப் பாகு எடுக்கிறார். விரட்ட வேண்டிய தண்ணீர் சொற்பம், எரிக்க வேண்டிய விறகும் சொற்பம். வெள்ளைச் சர்க்கரையின் விலைக்குள் ஆலையின் சிக்கனமான நெருப்பு ஏற்கனவே அடங்கியிருக்கிறது. நேர்மையான கருப்பட்டி சந்தையில் தோற்கிறது என்றால் அதன் ஒரு பகுதி ருசியில் தோற்பதல்ல, அடுப்பில் தோற்பது.

மேப்பிள்காரரின் கொல்லை அடுப்பு இங்கே பாடமாவது இதனால்தான். அதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு கொத்தனாரும் ஒரு வெல்டரும் இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலை. இரண்டடி அகலம், நாலடி நீளம், அரையடி உயரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு ஒன்று. மூலைகளை ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு முனையில் குழாய். அதைத் தாங்கச் செங்கலும் களிமண்ணும் கொண்ட நீள அடுப்பு. முன்பக்கம் விறகுவாய், அதற்கு ஒரு இரும்புக் கதவு. விறகு தரையில் கிடக்கக்கூடாது, கம்பிச் சட்டத்தின் மேல் எரிய வேண்டும். சாம்பல் கீழே விழும், காற்று கீழிருந்து வரும்.

சூட்சுமம் அடுப்பின் பின்பாதியில் இருக்கிறது. விறகு எரியும் இடத்துக்குப் பின்னால் தரையை மண்ணும் செங்கல்லும் போட்டு உயர்த்திவிட வேண்டும், தட்டின் அடிக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும்வரை. அப்போது தீ நாக்கு தட்டின் அடியை நக்கிக்கொண்டே கடைசிவரை போகும். கடைசியில் புகைபோக்கி. தட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு உயரம் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாலடித் தட்டுக்கு எட்டடி. புகைபோக்கி இழுக்கும் காற்றில்தான் அடுப்பின் உயிர் இருக்கிறது. அது இருந்தால் புகை பெண்ணின் கண்ணுக்குள் போவதும் நிற்கும். தட்டில் சாறு இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்கத் தேவையில்லை. புகைபோக்கியை ஒட்டி இன்னொரு பாத்திரத்தில் பச்சைச் சாற்றை வைத்து, அது சூடேறிய பிறகு குழாய் வழியாகச் சன்னமாகத் தட்டில் விழவிட்டால் கொதி அடங்காது. வெளியே போகும் சூட்டில் கொஞ்சத்தை இப்படித் திரும்பப் பிடிக்கலாம். நன்றாக இழுக்கும் அடுப்பானால் மணிக்கு 20 லிட்டர் தண்ணீர் போய்விடும். 60 லிட்டர் பதநீர் மூன்று மணி நேர வேலை.

விறகும் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருக்கக்கூடாது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு முதலில் தன் தண்ணீரை விரட்டிவிட்டுத்தான் பதநீரின் தண்ணீருக்கு வரும். பெரிய கட்டையை ஒரேயடியாகத் திணிப்பதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுகச் சிறுகப் போடுவது மேல். கொச்சிப் பக்கத்தில் விறகுக்கு மாற்றும் உண்டு. வைப்பின், கும்பளங்கி போன்ற தென்னந்தீவுகளில் சிரட்டை, மட்டை, கொதும்பு எல்லாம் கிடக்கின்றன. சிரட்டையின் தீ விறகைவிடக் காட்டமானது.

ஆனால் மேப்பிளைப் பார்த்து அப்படியே நகல் எடுக்க முடியாது. மேப்பிள் சாறு பனிக்கால வாளியில் இரண்டு நாள் கெடாமல் இருக்கும். நம்முடைய வெயிலில் காலையில் இறக்கிய தென்னஞ்சாறு மதியத்துக்குள் கள்ளாகிவிடும். அதற்காகத்தான் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு வேறு வழி கண்டது. பாளையிலேயே பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிவிட்டுச் சுண்ணாம்பில்லாமல் சாறு இறக்குவது. எதுவானாலும் இங்கே காய்ச்சுகிறவருக்கு எதிரி கடிகாரம். அடுப்பின் வேகம் அங்கே வசதி, இங்கே அவசியம்.

சுண்ணாம்புக்கு ஒரு விலையும் உண்டு. தெளியவைத்து வடிகட்டாமல் காய்ச்சினால் தட்டின் அடியில் வெள்ளைப் படலம் பிடிக்கும், சூடு ஏறாது, பாகு கரியும். மேப்பிள்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு, அவர்கள் அதைச் சர்க்கரை மணல் என்பார்கள். அங்கே வினிகர், இங்கே புளி. பொங்கலை அடக்கும் வித்தைகூட ஒன்றுதான். அவர்கள் ஒரு துண்டு வெண்ணெயைப் போடுவார்கள், பனையேறி வீட்டுப் பெண் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார். இரண்டிலும் வேலை செய்வது கொழுப்பு.

பதம் பார்ப்பதிலும் அப்படித்தான். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 4 டிகிரி ஏறி 104இல் நின்றால் பாகுப் பதம். கருப்பட்டிக்கு அதையும் தாண்டி 120 டிகிரிப் பக்கம் போக வேண்டும். அங்கே தட்டை நம்பக்கூடாது. மெல்லிய தகட்டில் ஒரு நிமிடம் கவனம் பிசகினால் முழுதும் கரிந்துவிடும். விறகு நெருப்பைச் சட்டென்று அணைக்கவும் முடியாது. அதனால் தண்ணீரில் பெரும்பகுதியைத் தட்டில் விரட்டிவிட்டு, கடைசிப் பதத்துக்குப் பாகை உருளிக்கு மாற்றிக் கிளற வேண்டும். தட்டு காலியாகும்போது அதில் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும். துரிதம் தட்டின் வேலை, நிதானம் உருளியின் வேலை.

சிக்கனம் பார்த்து ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. துத்தநாகம் பூசிய தகட்டில் சாறு காய்ச்சக்கூடாது. ஈயப் பற்றுவைத்த பாத்திரம் கூடவே கூடாது. மேப்பிள் நாட்டில் பழைய பாத்திரங்களின் பற்றிலிருந்து ஈயம் பாகில் இறங்கிய அனுபவம் உண்டு, அதனால்தான் அவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறினார்கள். எண்ணெய் டிரம்மை அடுப்பாக்குகிறவர்கள் உள்ளே எண்ணெயோ ஆவியோ மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அறுக்க வேண்டும். முதல் தீயைப் பெயின்ட் எரிவதற்காகவே போட வேண்டும், தட்டில் வெறும் தண்ணீரை வைத்து.

இத்தனையும் எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்றிருந்தபோதே பனைவெல்லத்துக்காக வாதாடினார். கரும்பு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது, பனை தரிசில் தானாக வளர்கிறது, இனிப்பைப் பனையிடம் விட்டுவிட்டு நிலத்தைத் தானியத்துக்குக் கொடுங்கள் என்பது அவர் கட்சி. 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதன் கண் சமையலறையில் இருந்தது, சோற்றுப்பானையை அளந்தது. தினமும் 60 லிட்டர் சுண்டவைக்கும் தொழிலடுப்பு வேறு ஜாதி. புகைபோக்கி அடைத்துக்கொண்டபோது சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பல வீடுகளில் அந்த அடுப்புகளும் பழையபடி மூன்று கல்லாயின.

கேரளம் 2014இல் தென்னை நீராவுக்கு வழிதிறந்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தலைமையகம் கொச்சியில்தான் இருக்கிறது. விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனிகளாகத் திரண்டார்கள். ஆனால் கவனம் பெரும்பாலும் நீராவைக் குளிர்பானமாகப் புட்டியிலும் பெட்டியிலும் அடைப்பதிலேயே போனது. அதற்குக் குளிரூட்டிய வண்டி வேண்டும், இயந்திரம் வேண்டும், கடனும் வேண்டும். பல கம்பெனிகள் மூச்சுவாங்கி நின்றன. சுண்டிய பாகுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. நன்றாகக் காய்ச்சி மூடிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தென்னைக்கு அருகில், செங்கல் அடுப்பில், அன்றன்றைக்குச் சாறு பாகாகியிருந்தால் அந்தக் கடனில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும்.

பனையை மாநில மரமாக வைத்திருக்கும் தமிழ்நாடும் 2021இல் தன் முதல் வேளாண் பட்ஜெட்டில் மரத்தைப் பற்றிப் பேசியது. கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றது. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மரத்துக்குக் காவல் வந்தாயிற்று, பெயருக்கும் காவல் வந்தாயிற்று. அடுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. குறியீடு விலையை உயர்த்தலாம், செலவைக் குறைக்காது. செலவைக் குறைப்பது எட்டடிப் புகைபோக்கியும் நாலு விரல் இடைவெளியும்தான். ஊருக்கு ஒரு அடுப்பைக் கட்டிக்காட்டி, அதைப் பழுதுபார்க்க ஒரு கொத்தனாரைப் பழக்கிவிட்டால் மற்ற விடிலிகள் பார்த்தே கட்டிக்கொள்ளும். வெர்மான்ட் விவசாயிகளும் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

மட்டாஞ்சேரியின் பஜார் தெருவில் சுக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கொச்சிச் சுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு. மழைக்காலத்தில் சுக்குக் காப்பி போட அதோடு கருப்பட்டி வேண்டும், அதற்குத் தெற்கே பனங்காட்டில் ஒரு பெண் அடுப்பின் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு தெரு தள்ளி, அவள் வேலையைப் பாதியாக்கும் சூத்திரத்தைத் தன் வடிவத்திலேயே வைத்திருக்கும் உருளி தாமரைப் பூவைச் சுமந்துகொண்டிருக்கிறது.